ஹார்டு லிங்க் உச்சவரம்பும் பேக்கப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர்களைப் பராமரிக்கும் நண்பர்களிடமிருந்து சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் "லிங்குகள் அளவுக்கு மீறிவிட்டன" என்ற பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சிலர் பேக்கப் வட்டு திடீரென்று நிரம்பிய பிறகு வருகிறார்கள். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டு, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

ஹார்டு லிங்க் என்பது ஷார்ட்கட் மாதிரிதானே?

இல்லை. லினக்ஸ் போன்ற அமைப்புகளில் கோப்பின் பெயர் ஓரிடத்திலும் கோப்பு வேறோர் இடத்திலும் இருக்கின்றன. உள்ளடக்கம் வட்டில் எங்கே கிடக்கிறது, உரிமையாளர் யார், அனுமதிகள் என்ன, கடைசியாக எப்போது மாறியது ஆகியவை ஐநோடு என்ற பதிவில் இருக்கும். கோப்புறையில் இருப்பது ஒரு பெயரும் ஓர் ஐநோடு எண்ணும் மட்டுமே. அதே எண்ணைச் சுட்டும் இன்னொரு பெயரை எழுதினால் அதுதான் ஹார்டு லிங்க். இரண்டு பெயர்களில் எது அசல், எது நகல் என்ற பேதமே கிடையாது.

ஷார்ட்கட்டும் சிம்பாலிக் லிங்கும் ஒரு பாதையை எழுதி வைத்திருப்பவை. அசலை அழித்தால் அவை எங்கும் போய்ச் சேராது. ஹார்டு லிங்கில் ஒரு பெயரை அழித்தாலும் மற்றப் பெயர் வழியாகக் கோப்பு அப்படியே கிடைக்கும். தனக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையை ஐநோடு வைத்திருக்கிறது. அது பூஜ்யத்துக்கு வந்து, கோப்பை எந்த நிரலும் திறந்து வைத்திருக்காத நிலையில்தான் வட்டில் இடம் விடுபடும். இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான சிக்கல்கள் இந்த எண்ணிக்கையிலிருந்துதான் கிளம்புகின்றன.

இதற்கும் பேக்கப்புக்கும் என்ன சம்பந்தம்?

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலில் "லிங்க்-டெஸ்ட்" என்று ஒரு விருப்பம் உண்டு. நேற்றைய பேக்கப் கோப்புறையை அதற்குக் காட்டினால், மாறாத கோப்புகளை மறுபடி நகலெடுக்காமல் நேற்றைய கோப்புக்கே இன்னொரு பெயர் சூட்டிவிடும். மாறிய கோப்புகள் மட்டும் புதிதாக எழுதப்படும். ஆர்ஸ்னாப்ஷாட் போன்ற கருவிகள் இந்த உத்தியின் மேல்தான் நிற்கின்றன.

100 ஜிபி தரவில் தினமும் 1 ஜிபி மாறுகிறது என்று வையுங்கள். 30 நாள் பேக்கப்புக்கு 3,000 ஜிபி ஆகாது, ஏறத்தாழ 129 ஜிபிதான் ஆகும். ஆனாலும் ஒவ்வொரு நாளின் கோப்புறையும் முழுமையாக இருக்கும். எந்தச் சிறப்புக் கருவியும் இல்லாமல் திறந்து, வேண்டிய கோப்பை எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு எளிமையான பேக்கப் முறை வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியானால் என்னிடம் 30 நகல்கள் இருக்கின்றன என்று நம்பலாமா?

நம்பக் கூடாது. 30 நாளாக மாறாத கோப்புக்கு 30 பெயர்கள் இருக்கின்றன, வட்டில் நகல் ஒன்றுதான். அந்த ஒரு நகல் கிடக்கும் இடம் பழுதானால் 30 நாளும் சேர்ந்து பழுதாகும். ஒரு நாளின் கோப்புறைக்குள் போய்க் கோப்பை அதே இடத்தில் திருத்தினால் எல்லா நாட்களிலும் அது திருத்தப்பட்டுவிடும். ஆர்சிங்க் வழக்கமாகப் புதிய கோப்பை எழுதிப் பிறகு பெயர் மாற்றுவதால் இந்த ஆபத்து எழுவதில்லை. ஏற்கெனவே லிங்குகள் உள்ள கோப்புறையின் மேல், கோப்பை அதே இடத்தில் திருத்தச் சொல்லும் "இன்-பிளேஸ்" விருப்பத்தோடு ஓட்டினால் பழைய நாட்களின் பேக்கப் சத்தமில்லாமல் அழியும்.

ஆகவே இரண்டாவது வட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். இதில் சமரசம் கூடாது.

லிங்க் எண்ணிக்கைக்கு ஏன் வரம்பு வைத்தார்கள்?

எண்ணிக்கையை எழுத ஐநோடில் ஒதுக்கியிருக்கும் இடம் குறைவு. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பைக் கோப்பு முறைமை என்பார்கள். லினக்ஸின் கோப்பு முறைமைகளான எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூன்றிலும் அந்த இடம் 16 பிட். 16 பிட்டில் அதிகபட்சம் 65,535 வரை எழுதலாம். ஓரளவு இடைவெளி விட்டு எக்ஸ்ட்4 தன் வரம்பை 65,000 என்று வைத்துக்கொண்டது. எக்ஸ்ட்3 இன்னும் கீழே, 32,000-இல் நின்றது. ஒரே கோப்புக்கு இத்தனை பெயர்கள் வரும் என்று அன்று எதிர்பார்க்க நியாயமும் இல்லை. ஹார்டு லிங்க் வைத்துப் பேக்கப் எடுக்கும் பழக்கம் பரவிய பிறகுதான் இது கண்ணில் படத் தொடங்கியது.

எந்தக் கோப்பு முறைமையில் எவ்வளவு?

லினக்ஸில் பெரும்பாலோர் பயன்படுத்தும் எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்புக்கு 65,000. பிடிஆர்எஃப்எஸ்ஸில் 65,535. பிடிஆர்எஃப்எஸ்ஸில் முன்பு இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. ஒரே கோப்புறைக்குள் ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் வைத்தால், அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே பதிவுக்குள் அடங்க வேண்டும். அதனால் பெயர் நீளமாக இருந்தால் வரம்பு சீக்கிரமே வந்துவிடும். 2012-இல் வெளிவந்த லினக்ஸ் 3.7-இல் நீட்டிக்கப்பட்ட பதிவு முறை சேர்க்கப்பட்டது, அந்த இடைஞ்சல் தீர்ந்தது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் வரம்பு 214 கோடிக்கும் மேல். பேக்கப்பைப் பொறுத்தவரை அதை வரம்பில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்புக்கு 1,024 பெயர்கள்தான். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் ஹார்டு லிங்க் என்பதே கிடையாது. கடையில் வாங்கும் வெளி வட்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டிலோ என்டிஎஃப்எஸ்ஸிலோதான் வருகின்றன. அப்படியே சொருகி இந்த முறையில் பேக்கப் எடுக்கத் தொடங்குவதற்கு முன், அது எது என்று பார்த்துவிடுங்கள்.

தினமும் ஒரு பேக்கப்தான் எடுக்கிறேன். 65,000 நாள் என்றால் 178 ஆண்டு. நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

கணக்கு சரி. மூலத்தில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாக இருந்து, நீங்கள் லிங்க்-டெஸ்ட் மட்டுமே பயன்படுத்தினால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒரு நாளுக்கு ஒரு பெயர்தான் கூடும்.

ஒரே உள்ளடக்கம் உள்ள கோப்புகளைத் தேடி ஒன்றாக இணைக்கும் கருவிகளைப் பேக்கப் வட்டில் ஓட்டினால் நிலைமை தலைகீழாகிவிடும். ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். ஒரு மென்பொருள் உரிமப் பத்திரம் உங்கள் சர்வரில் 200 கோப்புறைகளில் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி இருக்கிறது. இணைப்புக் கருவி அந்த 200-ஐயும் ஒரே ஐநோடாக்கிவிட்டது. இனி ஒவ்வொரு நாளும் அந்த ஓர் ஐநோடுக்கு 200 பெயர்கள் கூடும். 325-ஆம் நாளில் எண்ணிக்கை மிகச் சரியாக 65,000. 326-ஆம் நாளின் முதல் லிங்கே தோற்கும். 178 ஆண்டு என்று நினைத்தது ஓர் ஆண்டுக்குள் முடிந்துவிட்டது. இதே வேலையை என்டிஎஃப்எஸ்ஸில் செய்தால் ஐந்து நாள் தாங்கும். ஆறாம் நாளில் 24 பெயர்களுக்கு இடம் இருக்கும், 25-ஆவதற்கு இருக்காது.

எந்த மாதிரிக் கோப்புகள் முதலில் வரம்பைத் தொடும்?

பெரிய கோப்புகள் அல்ல. பூஜ்ய பைட் கோப்புகள்தான் முதல் வரிசையில் நிற்கும். பைத்தான் நிரல் தொகுப்புகளில் கோப்புறைக்கு ஒன்றாக வெறுமையான அடையாளக் கோப்புகள் கிடக்கும். இணைப்புக் கருவி வெற்றுக் கோப்புகளையும் சேர்த்துக்கொண்டால், எல்லா வெறுமையும் ஒரே ஐநோடில் வந்து குவியும். சில கருவிகள் வெற்றுக் கோப்புகளைத் தாமாகவே ஒதுக்கிவிடும். உங்களுடையது ஒதுக்காவிட்டால் ஒதுக்கச் சொல்லுங்கள். வெற்றுக் கோப்பை இணைப்பதால் உள்ளடக்கத்தில் ஒரு பைட்கூட மிச்சமாகாது.

அடுத்து வருபவை உரிமப் பத்திரங்கள், சின்னப் படங்கள், ஒரே நிரல் நூலகத்தின் பல பிரதிகள். பலருடைய அஞ்சல் பெட்டிகளில் கிடக்கும் ஒரே சுற்றறிக்கையும் இந்தக் கணக்கில் சேரும்.

வரம்பைத் தொட்டதும் பேக்கப் நின்றுவிடுமா?

கருவியைப் பொறுத்தது. இந்தப் பக்கத்திலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான். கோப்பு முறைமை "லிங்குகள் அளவுக்கு மீறிவிட்டன" என்று மறுத்துவிடும். அந்த மறுப்பைக் கருவி எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

லிங்க்-டெஸ்ட் விருப்பத்தோடு ஓடும் ஆர்சிங்க், லிங்க் கிடைக்காவிட்டால் அந்தக் கோப்பை நகலெடுத்துக்கொள்ளும். தரவு பத்திரம், இடம் மட்டும் கூடும். முந்தைய உதாரணத்தில் 326-ஆம் நாளில் 200 தனித்தனிக் கோப்புகள் பிறக்கும். மறுநாளிலிருந்து ஒவ்வொன்றும் தன் முந்தைய நாள் கோப்போடு தனிச் சங்கிலியாகத் தொடரும். இணைப்புக் கருவியை மறுபடி ஓட்டாதவரை சிக்கல் திரும்பாது. பேக்கப்பிசி மென்பொருளின் மூன்றாம் பதிப்பு இதை முன்கூட்டியே எதிர்பார்த்தது. லிங்க் எண்ணிக்கைக்குத் தனக்கென்று 31,999 என்ற வரம்பை அமைப்பில் வைத்திருந்தது, அதைத் தொட்டதும் அதே உள்ளடக்கத்துக்கு இன்னொரு கோப்பைத் தொடங்கிவிடும்.

அச்சப்பட வேண்டியது, கோப்புகளை நகலெடுக்கும் சிபி கட்டளையின் "எல்" விருப்பத்தால் முந்தைய நாளை லிங்குகளாகப் படியெடுக்கும் முறைக்குத்தான். லிங்க் தோற்ற கோப்பை அது நகலெடுக்காது. பிழையைச் சொல்லிவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும். அந்தப் படியில் அந்தக் கோப்பே இருக்காது. அந்தப் பிழை வரி பதிவேட்டில் ஆயிரம் வரிகளுக்கு நடுவே கிடக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். கட்டளை முடியும்போது திருப்பித் தரும் நிலை எண்ணைச் சோதியுங்கள். பூஜ்யம் இல்லையென்றால் உங்களுக்கு அஞ்சல் வரும்படி செய்துகொள்ளுங்கள்.

என் வட்டு வரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

எல்எஸ் கட்டளையின் நீண்ட பட்டியலில் அனுமதிகளுக்கு அடுத்து ஓர் எண் வரும். பலரும் அதைப் பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள். அதுதான் லிங்க் எண்ணிக்கை. ஸ்டாட் கட்டளையும் அதைக் காட்டும். வட்டு முழுவதும் தேட, ஃபைண்ட் கட்டளையில் "லிங்க்ஸ்" என்ற நிபந்தனை இருக்கிறது. கோப்புகள் மட்டும், எண்ணிக்கை 50,000-க்கு மேல் என்று கேளுங்கள்.

தேடலை கடைசி நாளின் கோப்புறையில் மட்டும் ஓட்டினால் போதும். எண்ணிக்கை ஐநோடில் இருப்பதால் எந்தப் பெயர் வழியாகப் பார்த்தாலும் அதே எண்தான் தெரியும். 300 நாட்களின் கோப்புறைகளையும் அலசி வட்டைத் திணறடிக்க வேண்டாம். வரம்பைச் சொல்லும் கெட்கான்ஃப் கட்டளையை மட்டும் முழுதாக நம்பிவிடாதீர்கள். தனக்குத் தெரியாத கோப்பு முறைமைகளுக்கு அது பொதுவான ஒரு சிறிய எண்ணைத் தந்துவிடும்.

வரம்பை உயர்த்த முடியாதா?

எக்ஸ்ட்4-இல் முடியாது. வட்டில் உள்ள வடிவமே 16 பிட் என்பதால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. கைவசம் இருக்கும் வழிகள் மூன்று. பழைய நாட்களை அழித்தால் எண்ணிக்கை இறங்கும். சிக்கல் தரும் கோப்பைக் கடைசி நாளின் கோப்புறையில் மட்டும் நேரமும் அனுமதியும் மாறாமல் புதுப் பெயரில் நகலெடுத்து, பழைய பெயரின் மேல் நகர்த்திவிட்டால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். இனி வரும் நாட்கள் அந்தப் புதிய ஐநோடைப் பிடித்துக்கொள்ளும், கூடுதல் செலவு ஒரு கோப்பின் அளவுதான். புதிய வட்டு வாங்குகிறீர்கள் என்றால் எக்ஸ்எஃப்எஸ்ஸாக வடிவமைத்துவிடுங்கள், பேச்சு முடிந்தது.

என் கோப்புறைக்குள் 31,998 துணைக் கோப்புறைகளுக்கு மேல் உருவாக்க முடியவில்லை. நான் ஹார்டு லிங்க் எதுவும் போடவில்லையே?

நீங்கள் போடவில்லை, கோப்பு முறைமை போட்டிருக்கிறது. ஒவ்வொரு துணைக் கோப்புறைக்குள்ளும் தன் தாய்க் கோப்புறையைச் சுட்டும் இரட்டைப் புள்ளி ஒன்று இருக்கும். அது தாய்க்கு ஒரு லிங்க். தாய்க்குத் தன் பெயரும் தன்னைத்தானே சுட்டும் ஒற்றைப் புள்ளியும் சேர்ந்து ஏற்கெனவே இரண்டு. எக்ஸ்ட்3-இன் 32,000-இல் அந்த இரண்டு போக மீதி 31,998.

எக்ஸ்ட்4 இதைத் தாண்டிவிட்டது. துணைக் கோப்புறைகள் வரம்பை மீறினால் தாயின் எண்ணிக்கையை 1 என்று எழுதிவிட்டு, எண்ணுவதையே நிறுத்திக்கொள்ளும். இந்தச் சலுகை கோப்புறைகளுக்கு மட்டுமே, கோப்புகளுக்கு 65,000 அப்படியே நிற்கிறது. கோப்புறைக்கு நாமே ஹார்டு லிங்க் போட லினக்ஸ் அனுமதிப்பதில்லை. போட்டால் தாய்க்குள் பிள்ளை, பிள்ளைக்குள் தாய் என்று வளையம் உருவாகிவிடும். ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் இதற்கு விதிவிலக்கு. 2007-இல் வந்த டைம் மெஷின் கோப்புறைகளையே ஹார்டு லிங்க் செய்துதான் இயங்கியது. பின்னால் வந்த ஏபிஎஃப்எஸ்ஸில் அந்த வசதி இல்லை. அங்கே டைம் மெஷின், வட்டின் அந்நேர நிலையை அப்படியே பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் முறைக்கு மாறிக்கொண்டது.

பேக்கப்பைப் பெரிய வட்டுக்கு மாற்றினேன். 400 ஜிபியாக இருந்தது 3 டிபியைத் தாண்டிப் போகிறது. ஏன்?

லிங்குகள் உடைந்துவிட்டன. ஆர்சிங்க் தானாக ஹார்டு லிங்குகளைக் காப்பாற்றாது. பெரிய எழுத்து எச் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். எல்லா நாட்களையும் ஒரே ஓட்டத்தில் மாற்றவும் வேண்டும். நாளுக்கு ஒரு முறை தனியாக ஓட்டினால் நாட்களுக்கு இடையிலான லிங்குகளை அதனால் அறிய முடியாது. அப்படி ஒரே ஓட்டத்தில் மாற்றும்போது லிங்குள்ள கோப்புகளின் பட்டியலை நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், கோடிக்கணக்கான பெயர்கள் இருந்தால் ரேம் திணறும்.

நான் பரிந்துரைப்பது இன்னொரு வழி. மிகப் பழைய நாளை முதலில் மாற்றுங்கள். அடுத்த நாளை மாற்றும்போது, புதிய வட்டில் உள்ள முந்தைய நாளை லிங்க்-டெஸ்ட்டாகக் காட்டுங்கள். இப்படியே வரிசையாக வாருங்கள். நேரம் எடுக்கும், ஆனால் நினைவகம் சிக்கனமாக இருக்கும், லிங்குகளும் மறுபடி உருவாகிவிடும். லிங்குகள் மிகவும் பின்னிப் பிணைந்திருந்தால் பார்ட்டிஷனையே பிட்டுக்குப் பிட் படியெடுத்து, பிறகு கோப்பு முறைமையை விரிவாக்குவது நல்லது. புது வட்டின் வரம்பு பழையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள்.

உரிமையாளரை மட்டும்தான் மாற்றினேன். மறுநாள் பேக்கப் முழு அளவுக்கு வந்துவிட்டது. இதுவும் வரம்பால்தானா?

வரம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. முதல் பதிலில் சொன்னபடி உரிமையாளர், அனுமதி, நேரம் மூன்றும் ஐநோடில் இருக்கின்றன. ஒரே ஐநோடுக்கு நேற்று ஓர் உரிமையாளர், இன்று இன்னோர் உரிமையாளர் என்று இருக்க முடியாது. அதனால் ஆர்சிங்க் புதிய கோப்பு எழுதுகிறது. ஒரு பெரிய கோப்புறை முழுவதற்கும் உரிமையாளரை மாற்றப் போகிறீர்கள் என்றால், அன்றிரவு பேக்கப் வட்டில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லிங்க் எண்ணிக்கை வெறும் 12. ஆனாலும் "அனுமதி இல்லை" என்று லிங்க் மறுக்கப்படுகிறதே?

லினக்ஸ் 3.6 முதல் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தனக்குச் சொந்தமில்லாத, எழுதும் உரிமையும் இல்லாத கோப்புக்குச் சாதாரணப் பயனர் ஹார்டு லிங்க் போட முடியாது. முன்பு ரூட் என்ற முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கில் ஓடிய பேக்கப்பைத் தனிக் கணக்குக்கு மாற்றியவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். பழைய நாட்களின் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தம், புதிய கணக்குக்கு அவற்றின் மேல் உரிமை இல்லை. இந்தப் பாதுகாப்பை அணைக்காதீர்கள், பேக்கப் கணக்கைச் சரிசெய்யுங்கள்.

பத்து நாள் பேக்கப்பை அழித்தேன். இடமே கிடைக்கவில்லையே?

அந்தப் பத்து நாட்களில் மட்டும் இருந்த கோப்புகளின் இடம்தான் திரும்பக் கிடைக்கும். மற்றவற்றுக்கு வேறு நாட்களில் பெயர்கள் மிச்சமிருக்கின்றன. கோப்புறை பிடிக்கும் இடத்தை அளக்கும் டியூ கட்டளைக்கு ஒரே ஒரு நாளைக் கொடுத்தால் முழு அளவைக் காட்டி ஆசை காட்டும். எல்லா நாட்களையும் ஒரே கட்டளையில் கொடுத்தால் ஒவ்வோர் ஐநோடையும் ஒரு முறைதான் எண்ணும். ஒவ்வொரு நாளும் உண்மையில் எவ்வளவு கூட்டியது என்பது அப்போது தெரியும்.

லிங்குக்கு ஐநோடு செலவாகாது என்றால் ஐநோடு தீரவே தீராதுதானே?

தீரலாம். கோப்புகளுக்குத்தான் ஐநோடு மிச்சம். கோப்புறைகளை லிங்க் செய்ய முடியாது என்று மேலே பார்த்தோம். அதனால் ஒவ்வொரு நாளும் எல்லாக் கோப்புறைகளும் புதிதாக உருவாகின்றன. 10,000 கோப்புறைகள், 365 நாட்கள் என்றால் 36,50,000 ஐநோடுகள். எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்புறைக்கு வழக்கமாகக் குறைந்தது 4 கேபி என்பதால், ஏறத்தாழ 15 ஜிபி இடமும் போகும். வட்டில் மீதியைக் காட்டும் டிஎஃப் கட்டளையில் "ஐ" விருப்பத்தைச் சேர்த்து அவ்வப்போது பாருங்கள்.

பேசாமல் வேறு முறைக்கு மாறிவிடலாமா?

மாறலாம், அவசரம் இல்லை. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டிலும் ஸ்னாப்ஷாட் இருக்கிறது. அதில் லிங்க் எண்ணிக்கை ஏறவே ஏறாது. பிடிஆர்எஃப்எஸ்ஸிலும் எக்ஸ்எஃப்எஸ்ஸிலும் கிடைக்கும் ரீஃப்லிங்கில் ஒவ்வொரு நகலுக்கும் தனி ஐநோடு, உள்ளடக்கம் மட்டும் பொது. அதனால் ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று மாறாது. போர்க், ரெஸ்டிக் கருவிகள் கோப்புகளைத் துண்டுகளாக்கிச் சேமிக்கின்றன. பெரிய கோப்பில் சிறிது மாறினாலும் மாறிய துண்டு மட்டுமே ஏறும். ஹார்டு லிங்கால் இது முடியவே முடியாது, ஒரு பைட் மாறினாலும் முழுக் கோப்பும் புதிது. பேக்கப்பிசியும் நான்காம் பதிப்பில் ஹார்டு லிங்கைக் கைவிட்டுவிட்டது.

தரவுத்தளங்களும் மெய்நிகர் கணினிப் படிமங்களும் அதிகம் என்றால் மாறுங்கள். சிறிய கோப்புகள், எக்ஸ்எஃப்எஸ் வட்டு, இணைப்புக் கருவி இல்லை என்றால் ஹார்டு லிங்க் முறையையே நான் சிபாரிசு செய்வேன். மீட்கும் நேரத்தில் எந்த நிரலையும் நம்பியிருக்க வேண்டாம் என்பது சிறிய லாபம் அல்ல.

மீட்கும்போதும் பெரிய எழுத்து எச் விருப்பத்தைச் சேர்க்க வேண்டுமா?

மூலத்தில் உண்மையாகவே ஹார்டு லிங்குகள் இருந்து, பேக்கப் எடுக்கும்போதும் அந்த விருப்பம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பேக்கப் வட்டில் இணைப்புக் கருவி ஓடியிருந்தால் சேர்க்கவே கூடாது. இரண்டு பயனர்களின் அமைப்புக் கோப்புகள் தற்செயலாக ஒரே மாதிரி இருந்திருக்கும். கருவி அவற்றை ஒரே ஐநோடாக்கியிருக்கும். அந்த விருப்பத்தோடு மீட்டால் சர்வரிலும் அவை ஒரே கோப்பாகவே வந்து இறங்கும். ஒருவர் தன் கோப்பை அதே இடத்தில் திருத்தினால் மற்றவருடையதும் மாறும், காரணம் புரியாமல் நாட்கணக்கில் தேட வேண்டியிருக்கும். கருவி உரிமையாளரைப் பார்க்காமல் இணைத்திருந்தால் ஒருவருடைய கோப்பு இன்னொருவருக்குச் சொந்தமாகியிருக்கும். அது மீட்கும் விருப்பத்தால் சரியாகாது. எனவே மீட்டு முடித்ததும் சர்வரில் லிங்க் எண்ணிக்கை 1-க்கு மேல் உள்ள கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் பட்டியலிட்டு, உரிமையாளர்களையும் சரிபார்த்த பிறகு பயனர்களை உள்ளே விடுங்கள்.